சம்பந்தி அம்மாள் செய்த ரோஜாப் பூ

பன்றி இறைச்சியில் ரோஜாப் பூச் செய்வதைப் பற்றி நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தால், என் மாமியார் மேலுலகத்திலிருந்து இறங்கி வந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். வெங்காயத்தையே கூடத்தைத் தாண்டி உள்ளே விடாத மனுஷி அவர். நானும் அவரிடம் முப்பது வருஷம் பழகித் தேறியவள்தான். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெண்ணின் தலைப் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தேன். பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் ஜாகை. மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர். அவருடைய தாயார் வடக்கே வெர்மான்ட் மாகாணத்தில் இருக்கிறார். ஏப்ரலில் பேரன் பிறந்தான். அவனைப் பார்க்க ஜூன் மாதம் சம்பந்தி அம்மாள் காரை ஓட்டிக்கொண்டு தாமே வந்து சேர்ந்தார். கையில் ஒரு பெட்டி, ஒரு பெரிய புட்டி மேப்பிள் பாகு, ஒரு குளிர்ப் பை.

இதற்கு முன்னால் யந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அம்மா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்க வேண்டாம் என்று என் பெண் எனக்காகவே ஏர் பிரையர் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். 2010-இல் பிலிப்ஸ் கம்பெனி கொண்டுவந்து பிரபலமாக்கிய சாமான். இப்போது நம் ஊரிலும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. பெயரில்தான் பொரியல் இருக்கிறதே தவிர, காரியத்தில் அது ஒரு குட்டி அடுப்பு. தலைக்கு மேலே சூட்டுக் கம்பி, அதற்கு மேலே விசிறி, கீழே ஓட்டைக் கூடை. சுடு காற்று சுற்றிச் சுற்றி அடிக்கும், அவ்வளவுதான்.

முதல் நாள் அப்பளம் போட்டேன். விசிறி கிளப்பிய காற்றில் அது பறந்து போய்க் கம்பியில் ஒட்டிக்கொண்டு கருகியது. மறுநாள் பஜ்ஜி. மாவெல்லாம் ஓட்டை வழியாக வடிந்து, வாழைக்காய் மட்டும் மொட்டையாக நின்றது. தட்டை தட்டிப் போட்டேன். ஓட்டுக்கு மாற்றாகக் கூரையில் வேயலாம் போல வந்தது. கடைசியில் உருளைக்கிழங்கு வறுவலும் கத்திரிக்காயும்தான் எனக்கும் அதற்கும் ராசி. ஆனாலும் அது என் யந்திரம். அதில் நானும் என் பெண்ணும் தவிர வேறு யாரும் கை வைத்ததில்லை.

ஜூன் மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அங்கே தந்தையர் தினம். 1972-இல் ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்துப் போட்டு நிலையான விசேஷ நாளாக்கினாராம். தம் பிள்ளை தகப்பனான முதல் வருஷம். அவனுக்கு ஒரு பூச்செண்டு செய்து தர வேண்டும் என்று சம்பந்தி அம்மாளுக்கு ஆசை. சனிக்கிழமை காலையில் அவர் குளிர்ப் பையைத் திறந்து பேக்கன் பொட்டலத்தை எடுத்து என் யந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பேக்கன் என்றால் பன்றியின் வயிற்றுப் பாகத்தை உப்பில் பக்குவம் செய்து, புகை போட்டு, ரிப்பன் ரிப்பனாகச் சீவியது.

நான் வாயைத் திறக்கவில்லை. தலைவலி என்று மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டேன். சற்று நேரத்துக்கெல்லாம் பெண் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அவங்க எல்லாத்தையும் திரும்ப எடுத்து வச்சுட்டாங்க. அடுத்த வருஷம் ஊர்லே பண்ணிக்கறேன்னு சொல்றாங்க."

"நான் ஒன்றுமே சொல்லவில்லையேடி!"

"நீ ஒண்ணும் சொல்லாததுதான் அவங்களுக்குப் புரிஞ்சு போச்சு."

எனக்குச் சுருக்கென்றது. நான் இந்த நாட்டுக்கு வரும்போது என் பெட்டியில் முறுக்கு அச்சும் நாழியும் இருந்தன. அவர் பையில் பேக்கன் இருந்தது. இரண்டு பேரும் எதற்காக வந்தோம்? கீழே இறங்கிப் போனேன். சம்பந்தி அம்மாள் ஒரு ஈரத் துணியால் யந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், அதைத் தொட்டதற்கே பிராயச்சித்தம் போல.

"நீங்கள் செய்யுங்கள்" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "சரி. ஆனால் உங்களுடையது முதலில் போகட்டும். இதன் வாசனை ஏறிவிட்டால் சுலபத்தில் போகாது" என்றார்.

நான் செய்வதாக ஒன்றும் உத்தேசித்திருக்கவில்லை. இப்படிச் சொன்ன பிறகு செய்யாமல் இருக்க முடியுமா? இரண்டு கிண்ணம் மைதா, உப்பு, நான்கு கரண்டி நெய்யைக் காய்ச்சி ஊற்றிப் பிசைந்தேன். ஒரு பாதியில் மிளகாய்ப் பொடியும் ஓமமும், மறு பாதி வெறும் மாவு. மெல்லிசாக இட்டு, ஓர் அங்குல அகலத்துக்கு நாடாவாக வெட்டிச் சுருட்டி அடியைக் கிள்ளினால் பூ. மேலெல்லாம் நெய் தடவி, கூடையில் நெருக்காமல் அடுக்கி, 160 டிகிரியில் கால் மணி நேரம். கலகலவென்று வந்தது! வெறும் மாவுப் பூக்களின் மேல் சம்பந்தி அம்மாளின் மேப்பிள் பாகைக் கெட்டியாகக் காய்ச்சி ஊற்றினேன். நாற்பது லிட்டர் மரச் சாற்றைச் சுண்டக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு கிடைக்குமாம். அதைக் கேட்ட பிறகு கரண்டியில் ஒட்டியதைக் கூட நான் கழுவிக் கொட்டவில்லை.

அப்புறம் அவர் முறை. நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு ரிப்பனை எடுத்துச் சுருட்டினார். கீல்வாத விரல்கள், பாதியிலேயே பிரிந்து வந்துவிட்டது. மறுபடியும் சுருட்டினார். மறுபடியும் பிரிந்தது. திரி திரித்தும் பூத் தொடுத்தும் பழகிய என் விரல்கள் பரபரத்தன. அதைத் தொட மட்டும் மனம் துணியவில்லை. மிச்சமிருந்த மாவில் ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். நடுவை இறுக்கிச் சுற்ற வேண்டும், போகப் போகத் தளர்த்த வேண்டும், மேல் ஓரத்தை வெளிப்பக்கமாக மடக்கிக்கொண்டே வந்தால் இதழ் விரியும். நான் மாவில் ஒரு சுற்றுச் சுற்ற, அவர் இறைச்சியில் ஒரு சுற்றுச் சுற்ற, பாட்டு வாத்தியாரும் சிஷ்யையும் மாதிரி பன்னிரண்டு பூ முடித்தோம். பிரியாமல் இருக்கப் பல் குத்தும் குச்சியைக் குறுக்கே செருகினார். கொழுப்பு வழிந்து போக அடியில் துளையிட்ட சின்னக் கிண்ணங்களில் ஒவ்வொன்றாக வைத்தார்.

தட்டையாகப் போட்டால் பேக்கன் 200 டிகிரியில் பத்தே நிமிஷத்தில் முறுகிவிடுமாம். பூவாகச் சுருட்டினால் அந்த அவசரம் உதவாது. வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். ஆகையால் 175 டிகிரி, இருபது நிமிஷத்துக்கு மேலே. கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கொழுப்பு ஓரம் உருகிச் சுருங்கிக் கொசுவம் வைத்தது போல நெளிந்தது. நிஜமான இதழ் மாதிரியே இருந்தது, பொய் சொல்வானேன்! என் தட்டை ஏன் ஓடாயிற்று என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. அந்த இறைச்சி தன் எண்ணெயைத் தானே கொண்டு வருகிறது. நம் பக்ஷணம் வெறுங்கையோடு வந்து சட்டியிலிருக்கும் எண்ணெயை நம்பி நிற்கிறது. மாவிலேயே நெய்யை நிறையக் கொடுத்தனுப்பினால்தான் இந்த யந்திரம் மரியாதை செய்யும்.

கடைசி ஐந்து நிமிஷம் இருக்கும்போது பழுப்புச் சர்க்கரையும் மிளகாய்ப் பொடியும் பாகும் கலந்து ஆறு பூக்களுக்குத் தடவினார். முன்னாலேயே தடவினால் சர்க்கரை கருகிக் கசக்கும். இனிப்போடு காரமும் உப்பும் சேர்வது அவர்களுக்கு விசேஷ ருசி. பச்சை மாங்காயைக் காரமும் வெல்லமுமாகப் பச்சடி வைக்கிற நமக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

இத்தனையும் சரியாக நடந்துகொண்டிருந்தபோது யந்திரத்தின் பின்னாலிருந்து வெள்ளைப் புகை கிளம்பிற்று. கூடைக்குக் கீழே தேங்கிய கொழுப்புச் சூடேறிப் புகைந்திருக்கிறது. அடித் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தால் இந்த வம்பு இல்லை. பேச்சு சுவாரசியத்தில் அவர் மறந்துவிட்டார். கூரையிலிருந்த புகை மணி வீடு இடிந்து விழுகிற மாதிரி அலறியது. பேரனும் அலறினான். ஒரு பாட்டி ஜன்னலைத் திறக்க ஓடினாள், இன்னொரு பாட்டி தொட்டிலுக்கு ஓடினாள். குழந்தைக்கு இரண்டு பாட்டி வேண்டும் என்று நான் அன்றுதான் ஒப்புக்கொண்டேன்.

எல்லாம் அடங்கியபின், "இது உடம்புக்கு ஆகுமா?" என்று கேட்டுவிட்டேன். 2015-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கிளை, இப்படிப் பதப்படுத்திய இறைச்சியைத் தினம் ஐம்பது கிராம் தின்றால் குடல் புற்றுநோய் அபாயம் பதினெட்டு சதவிகிதம் கூடும் என்று சொல்லியிருப்பதை என் பெண் படித்துக் காட்டியிருந்தாள்.

சம்பந்தி அம்மாள் சிரித்தார். "அதனால்தான் பூவாகச் செய்கிறேன். பூச்செண்டை யாராவது தினம் சாப்பிடுவார்களா?"

மறுநாள் காலை மூங்கில் குச்சிகளில் செருகி இரண்டு ஜாடிகளில் வைத்தோம். ஒன்றில் அவருடையது, ஒன்றில் என்னுடையது. மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். என் காரப் பூவைக் கடித்தார், தாயாரின் இனிப்புப் பூவைக் கடித்தார், பிறகு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். சம்பந்தி அம்மாள் ஓமப் பூக்களாகவே எட்டுத் தின்றுவிட்டு, ஓமம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் அந்த யந்திரத்தை நான் உபயோகித்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. கூடையை மூன்று தரம் கழுவித்தான் வைத்தார்கள், என்னால் முடியவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. கத்திரிக்காயை வாணலியிலேயே வதக்கிக்கொண்டேன்.

ஜூலை மாதம் வெர்மான்டிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால், இன்னொரு ஏர் பிரையர், சின்னது. அதன் நெற்றியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. என் பெண்ணிடம் டெலிபோனில் கேட்டு, எழுத்தை எழுத்தாகப் பார்த்து வரைந்திருக்கிறார். 'சைவம்' என்று எழுத நினைத்து, கொம்பு இடம் மாறி 'சவைம்' என்றிருந்தது.

அந்த ஊர் மின்சாரம் 120 வோல்ட். நம் ஊரில் 230. அதனால் அதைக் கையோடு கொண்டுவர முடியவில்லை. பெண் வீட்டுச் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. எழுத்தைத் திருத்தட்டுமா என்று பெண் கேட்டாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.