கிட்டிக்காரர் மகனும் ஒரு சுண்டெலியும்

மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டபோது எனக்குக் கவிதை வராதே என்று நழுவப் பார்த்தேன். "கவிதை யாருடா கேட்டா? வாஷர் கதையை எழுது" என்றார். ஹாஸ்டலில் எங்கள் அறைப் பக்கம் வந்தவர்களுக்கு வாஷரைத் தெரியும். மற்ற நண்பர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். வார்டன் சார் படிக்க நேர்ந்தால் மன்னிக்கவும்.

என் அப்பா எலி பிடிப்பவர். மன்னார்குடிப் பக்கம் வயல்களில் கிட்டி வைப்பது அவர் தொழில். கிட்டி என்பது வளைத்துக் கட்டிய மூங்கில் வில், ஒரு கயிறு, நடுவில் இரை. எலி இரையைத் தொட்டால் வில் விடுபட்டுக் கயிறு இறுகும். வளைந்த பொருளில் சக்தி சேமிக்கப்படுகிறது என்று வகுப்பில் சார் படம் போட்டபோது எனக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது. சாயங்காலம் வரப்போரம் வைத்துவிட்டு, விடியற்காலையில் போய் எடுக்க வேண்டும். வாலுக்கு இவ்வளவு என்று கூலி. எனக்கு எண்ணக் கற்றுக் கொடுத்தது அந்த வால்கள்தான். பத்துப் பத்தாகக் கட்டி அப்பாவுக்குக் கணக்குச் சொல்வேன். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். முதலாண்டு அட்மிஷன் பணத்துக்கு எத்தனை வால் என்று ஒரு நாள் வகுத்துப் பார்த்தேன். அந்த எண்ணை இங்கே எழுத மனம் வரவில்லை.

கல்லூரியில் இதை யாரிடமும் சொன்னதில்லை. படிவங்களில் தந்தை தொழில் 'விவசாயம்' என்றே எழுதி வந்தேன்.

பொங்கல் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். சம்பா அறுத்த வயலில் நானும் அம்மாவும் வளை வெட்டினோம். எலி உள்ளே சேர்த்து வைத்திருக்கும் நெல்லை எடுத்து வருவது எங்கள் ஊரில் வழக்கம். வரப்பின் மறுபக்கம் ஒரு சின்னக் கூடு. வைக்கோல் பஞ்சுக்குள் நாலு சுண்டெலிக் குஞ்சுகள். கண் திறக்கவில்லை, முடி அப்போதுதான் அரும்பியிருந்தது. தாய் மண்வெட்டியில் பட்டுவிட்டது. என் மண்வெட்டிதான்.

எத்தனையோ எலி செத்துப் பார்த்தவன் நான். அன்றைக்கு ஏன் அப்படி ஆனது என்று தெரியவில்லை. ஜாமெட்ரி பாக்ஸில் பஞ்சு போட்டு நாலையும் எடுத்து வந்துவிட்டேன். அப்பா பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "மாட்டுப்பால் வயித்தை ஊதிடும். ஆட்டுப்பால் குடு" என்றார். பால் கொடுத்ததும் ஈரத்துணியால் அடிவயிற்றை நீவிவிட வேண்டுமாம். தாய் நக்கிவிடும் அல்லவா, அது இல்லாவிட்டால் குஞ்சு ஒண்ணுக்குப் போகாது. இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

முதல் ராத்திரியே இரண்டு போய்விட்டன. மூன்றாவது ஹாஸ்டலுக்கு வரும் பஸ்ஸில். மிஞ்சியது ஒன்று. மருந்துக்கடை டிராப்பர் அதன் வாய்க்குப் பெரிது என்பதால் முறுக்கிய நூலைப் பாலில் நனைத்து வைப்போம், சப்பும். இரண்டு மணிக்கு ஒரு தடவை. மறுநாள் இன்டர்னல் டெஸ்ட் இருந்தும் அறை நண்பர்கள் முறை வைத்து எழுந்தார்கள். (அந்தத் தேர்வில் மூன்று பேரும் வாங்கிய மார்க்கை விட்டுவிடுவோம்.) பிறந்து இரண்டு வாரம் வாக்கில் சுண்டெலிக்குக் கண் திறக்கும். இதற்குத் திறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வட்டக் காதைப் பார்த்து 'வாஷர்' என்று பெயர் வைத்தார்கள். லேப் தராசில் நிறுத்தால் ஒரு எம் 10 நட்டின் எடைகூட இல்லை. ஊறவைத்த அரிசி, பொட்டுக்கடலை எல்லாம் தின்னப் பழகியது. ஷீட் மெட்டல் ஷாப்பில் கழித்துப் போட்ட தகட்டிலும் கம்பி வலையிலும் ஒரு கூண்டு செய்தேன்.

பிறகுதான் தகராறு. ஒரு ராத்திரி வெளியே வந்து, நண்பன் முடித்து வைத்திருந்த டிராயிங் ஷீட்டில் ஐசோமெட்ரிக் வியூவின் ஒரு மூலையைத் தின்றுவிட்டது. பக்கத்து அறைக்காரன் எலிக்காய்ச்சல் வரும் என்று பயந்தான். அவன் சொன்னதிலும் தப்பில்லை, அந்தக் கிருமி எலியின் மூத்திரத்தில் இருக்கும். அன்றிலிருந்து சோப்புப் போடாமல் நாங்கள் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

வெளியே விடலாம் என்றால், அதற்கு ஒன்றும் தெரியாது. கையை நீட்டினால் ஏறி வரும் எலிக்குப் பூனை எது, ஆந்தை எது? வைத்துக்கொள்ளலாம் என்றால், ராத்திரி பூராவும் கம்பியைக் கடித்தது. என் கூண்டில் ஒரு கம்பி முனை சரியாக மடங்கவில்லை. அது கிழித்து இடது காதில் ஒரு வெட்டு. ஒரு நாள் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை விழித்துப் பார்த்தேன். அதே நாலு மூலை, அதே சுற்று.

அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"வயல்ல விட்டா எத்தன நாளுப்பா இருக்கும்?"

"ஆந்தை இருக்கு, சாரை இருக்கு, நான் இருக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கூண்டுல வச்சா மட்டும் எத்தன நாளுடா?"

நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வருஷம் இருக்கும் என்றேன்.

"அப்ப நீயே பாரு தம்பி. நீதான் படிச்சவன்."

அவர் ஒரு முடிவு சொல்லிவிடுவார் என்று நம்பித்தான் கூப்பிட்டேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அதன் பிறகு பத்து நாள் யாரும் அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கூண்டில் பாதிக்கு மண் நிரப்பினேன். அரிசியை நிறுத்திவிட்டு நெல்லைக் கதிரோடு போட்டேன். இரண்டு நாள் கம்பியோரமே நின்று என்னைப் பார்த்தது. மூன்றாம் நாள் மண்ணில் வளை தோண்டியது. எட்டாம் நாள் என் கை நிழல் விழுந்ததும் உள்ளே ஓடி ஒளிந்தது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான். ஆனாலும் அன்று மெஸ்ஸுக்குப் போகவில்லை.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை ஊருக்குக் கொண்டு போனேன். அறுத்த நிலத்தில் உளுந்து வளர்ந்து தரை மூடியிருந்தது. அப்பா கூடவே வந்து, ஐயனார் கோயில் திடலை ஒட்டிய வரப்பைக் காட்டினார். "இங்க விடு. இந்த வரப்புல நான் கிட்டி வைக்கிறதில்ல." ஏன் என்று கேட்டதற்குப் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். கூண்டைச் சாய்த்து வாயைத் திறந்து, கொஞ்சம் நெல்லும் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை நெல் குறைந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் வைத்தது வைத்தபடி இருந்தது. கூண்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஜூன் மாதம் லீவில் இருந்தபோது குறுவை நாற்றங்கால்களுக்குக் கிட்டி வைக்க அப்பாவைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். விடியற்காலையில் கிட்டிகளை எடுத்து வரப்பில் கொட்டினோம். பெரிய எலிகளுக்கு நடுவே சுண்டெலிகளும் கிடந்தன. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இடது காதைப் பார்த்தேன். அப்பா அவசரப்படுத்தவில்லை, காத்துக்கொண்டு நின்றார்.

"இருக்காடா?"

"இல்லப்பா."

"சரி, அப்ப எண்ணு."

எண்ணினேன். அறுபத்து மூன்று.