குண்டை ஊதிப் பார்க்கச் சொன்னவருக்கு

மதிப்பிற்குரிய பெரியவருக்கு,

பென்சில்வேனியாவில் ஒரு பெயிண்ட்பால் திடலின் ஓரத்தில், தகரக் கூரைக்குக் கீழே மேசை போட்டு, பெயிண்ட் குண்டு சுடும் மார்க்கர்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை; விளம்பரம் பிடிக்காதவர் நீங்கள். ஆனால் இந்த நன்றியை நாலு பேர் அறியச் சொல்லிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அப்போது நான் மாணவன். சாப்பாட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, என் மார்க்கருக்கு 18 அங்குலப் பேரல் ஒன்றை வாங்கி வந்திருந்தேன். நீளம் கூடக் கூடக் குறி தப்பாது என்று விற்றவர் சொன்னார், நம்பிவிட்டேன். முதல் ஆட்டத்திலேயே ஒரு குண்டு எதிராளியின் தலைக்கு மேலே பறந்தது, அடுத்தது அவன் காலுக்கு முன்னால் மண்ணில் விழுந்தது. நான் குறி வைத்த இடம் மாறவே இல்லை. ஆட்டம் முடிந்ததும் உங்களிடம் வந்து, இதைவிட நல்ல பேரலாக ஒன்று தாருங்கள் என்றேன். கண்ணாடிப் பெட்டி நிறைய பேரல்கள் இருந்தன. என் கையில் காசும் இருந்தது.

நீங்கள் பெட்டியைத் திறக்கவில்லை. என் பேரலைக் கழற்றி, குண்டுகளை நிரப்பும் ஹாப்பரிலிருந்து ஒரு குண்டை எடுத்துப் பேரலின் பின்வாயில் போட்டீர்கள். அது எங்கும் தங்காமல் உருண்டு வந்து என் காலடியில் விழுந்தது. பிறகு ஒரு பழைய டப்பாவைத் திறந்தீர்கள். ஸ்மார்ட் பார்ட்ஸ் நிறுவனத்தின் 'ஃப்ரீக்' பேரல். அதற்குள் செருகும் மெல்லிய குழாய்கள் (இன்சர்ட்டுகள்) எட்டு, துளை 0.679 அங்குலத்திலிருந்து 0.695 வரை. ஒவ்வொன்றாகக் குண்டை வைத்துப் பார்த்தீர்கள். ஒன்றில் அது உருளாமல் நின்றது. குழாயை என்னிடம் நீட்டி, வாய் வைத்து ஊதச் சொன்னீர்கள். ஊதினேன். குண்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"இதுதான் உன் பேரல். இன்றைக்கு மட்டும்" என்றீர்கள்.

அந்த "இன்றைக்கு மட்டும்" எனக்கு விளங்க ஓராண்டு பிடித்தது. குண்டின் மேல்தோல் ஜெலட்டின், மீன் எண்ணெய் மாத்திரையின் தோலைப் போல. ஈரக்காற்றில் அது ஊதும், வறண்ட குளிரில் சுருங்கி எளிதில் நொறுங்கும். பெட்டியின் மேல் குண்டின் அளவு 0.68 என்றுதான் அச்சிட்டிருக்கும்; உள்ளே இருப்பது ஒவ்வொரு பெட்டிக்கும் சற்று வேறு. ஜூலையில் கச்சிதமாக நின்ற அதே இன்சர்ட்டில் ஜனவரிக் குண்டு உருண்டோடிவிட்டது. பேரலை மார்க்கருக்குப் பார்த்து வாங்குகிறோம், மரை பொருந்த வேண்டுமே. ஆனால் அதன் துளையைக் குண்டுக்குப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை நீங்கள் சொல்லாமல் காட்டினீர்கள்.

துளை பெரிதானால் காற்று குண்டைத் தள்ளாமல் அதன் ஓரத்தால் கசிந்து முந்திப் போய்விடும். கசிவு ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்காது. ஒரு குண்டு விநாடிக்கு 285 அடி வேகத்தில் போகும், அடுத்தது 265இல். என் குண்டுகள் மேலும் கீழுமாய் அலைந்தது அதனால்தான். துளை சற்றுச் சிறிதாய் இருந்தால் வேகம் சீராகும், காற்றும் மிச்சம். ஆனால் எளிதில் நொறுங்கும் குண்டு உள்ளேயே உடைந்துவிடும். அப்புறம் துடைத்து முடிக்கும்வரை எதையும் நம்பிச் சுட முடியாது. சுட்டுப் பார்க்கும்போது ஒற்றை எண்ணைப் பார்க்காதே, பத்துக் குண்டுக்கும் இடையே எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று பார் என்றீர்கள். வேகம் அளக்கும் குரோனோகிராஃப் முன்னால் நிற்கும் பலர், 300 அடி வரம்பைத் தாண்டவில்லை என்று தெரிந்ததுமே நகர்ந்துவிடுகிறார்கள்.

நீளத்தைப் பற்றியும் சொன்னீர்கள். ஏறக்குறைய முதல் 8 அங்குலத்திலேயே குண்டுக்கு வேண்டிய வேகம் வந்துவிடுகிறது. அதற்கு மேல் இருக்கும் நீளம் காற்றை மெல்ல வெளியேற்றிச் சத்தத்தைக் குறைக்கவும், மறைந்து நிற்கும் காற்றடைத்த தடுப்பின் ஓரத்தை ஒதுக்கி எட்டிப் பார்க்கவும்தான். 14 அங்குலம் தாராளம்.

அன்று மாலை நான் ஓர் ஆட்டத்தில் ஜெயித்துவிட்டு, பேரலைப் புகழ்ந்துகொண்டு வந்தேன். நீங்கள் 1981 ஜூன் 27ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயரில் ஹென்னிக்கர் காட்டில் நடந்த முதல் பெயிண்ட்பால் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னீர்கள். மரங்களுக்கு அடையாளம் வைக்கச் செய்த நெல்ஸ்பாட் மார்க்கர்களோடு 12 பேர் காட்டுக்குள் போனார்கள். ஜெயித்தவர் ரிச்சி வைட் என்ற வனத்துறையாளர், ஒரு குண்டுகூடச் சுடாமல். சொல்லிவிட்டு நீங்கள் வேறொருவரின் மார்க்கரைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

அந்த இன்சர்ட்டுக்கு நீங்கள் காசு வாங்கவில்லை. ஒரு பேரலை எனக்கு விற்றிருந்தால் உங்களுக்கு நல்ல லாபம் கிடைத்திருக்கும். நானும் மகிழ்ந்துதான் போயிருப்பேன், பிறகு அதையும் குறை சொல்லியிருப்பேன். அதைச் செய்யாமல் விட்டதற்கு நன்றி, பெரியவரே.

நீங்கள் தந்த அந்த 0.687 இன்சர்ட் இன்னும் என் பையில் இருக்கிறது. போன சனிக்கிழமை நல்ல புழுக்கம். குண்டு அதில் இறுகிக்கொண்டது, எவ்வளவு ஊதியும் நகரவில்லை. 0.689ஐ மாட்டி ஊதினேன், வந்தது. நாள் முழுக்க ஒன்றும் உடையவில்லை.


உங்கள் மேசைக்கு நீளப் பேரலோடு வந்த மாணவன்