எழுதாமல் விட்ட ஆண்டுகள்

தென்கொரியாவின் அதிபராயிருந்த லீ மியுங் பாக், 2008 ஆகஸ்ட் 15இல், ‘கரிவாயு குறைந்த பசுமை வளர்ச்சி’யை நாட்டின் கொள்கையென அறிவித்தார். செல்வமும் பெருகும், வானைச் சூடேற்றும் வாயுக்களும் குறையும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

மறு ஆண்டு குறித்த இலக்கில்தான் எனக்கு ஐயம். 2020இல் 30 விழுக்காடு குறைப்பார்களாம். எதிலிருந்து? அன்று வெளியேறிய அளவிலிருந்தன்று. ஒன்றும் செய்யாதிருந்தால் 2020இல் எவ்வளவு வெளியேறுமோ அந்த மதிப்பீட்டிலிருந்து! ஆகப்போவதாக ஒரு செலவைக் கற்பித்து, அதில் மிச்சம் பிடித்தேன் என்று யாரேனும் கணக்குக் காட்டியிருந்தால், மளிகைக்கடை வைத்திருந்த என் வாப்பா பேரேட்டைத் தூக்கி எறிந்திருப்பார். 2015இல் வெளியேற்ற உரிமங்களின் சந்தையும் திறந்தது. ஆயினும் 2018இல்தான் வெளியேற்றம் உச்சத்தைத் தொட்டது.

2021ஆம் ஆண்டுச் சட்டம் 2030க்கு ஓர் இலக்கு வைத்தது. 2050இல் நிகர வெளியேற்றமே இராது என்றது. நடுவே, 2031 முதல் 2049 வரை? வெற்றிடம். அவ்வாண்டுகளில் வாழப்போகும் சிறுவர்கள் வழக்காடினர். கருவிலிருந்த சிசு ஒன்றின் சார்பிலும் மனு சென்றது. அவ்வெற்றிடம் அரசியல் சட்டத்துக்கு இசையாது என 2024 ஆகஸ்ட் 29இல் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்த்தது. 2026 பிப்ரவரிக்குள் திருத்தப் பணித்தது. 2030 இலக்கே போதாது என்ற முறையீட்டை மட்டும் அது ஏற்கவில்லை.