எட்டாம் நம்பர்

ஷூ வாங்க மதுரைக்குப் போய் வந்த கதை இது. சர்க்கரை உள்ள நண்பர்கள் பொறுமையாகப் படிக்கவும்.

நான் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சு வழியில் படித்தவன். மத்திய கலால் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, மாற்றலில் சிவகாசி வந்து, ஓய்வு பெற்றபின் விருதுநகரிலேயே தங்கிவிட்டேன். பணிக்காலம் முழுக்க செருப்புதான். பட்டாசு ஆலைக்குக் கணக்குப் பார்க்கப் போனால் அதையும் வாசலில் கழற்றிவிடுவோம். மருந்து புழங்கும் இடத்தில் ஆணி அடித்த செருப்பு உரசினால் ஒரு பொறி போதுமே. கடையில் "எட்டாம் நம்பர்" என்பேன், கொடுப்பார்கள். அவ்வளவுதான் எனக்கும் காலணிக்கும் இருந்த உறவு.

போன வருஷம் டாக்டர் தினமும் வேகமாக நடக்கச் சொன்னார். ஒரு கடையில் எட்டாம் நம்பர் ஷூ வாங்கினேன். யாரும் அளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து என் மனைவி, "என்னங்க, கட்டை விரல் நகம் இப்படிக் கறுத்திருக்கே, வலிக்கலையா?" என்றாள். வலிக்கவில்லை. பயமே அதில்தான் இருந்தது.

டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களில் தொட்டார். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. மூன்று இடங்களில் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. "புண் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. முதல்ல இந்த ஷூவைத் தூக்கிப் போடுங்க" என்றார். இதே போலத் தொடங்கி இரண்டு விரல்களை இழந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மகன் மதுரையில் ஓட்டக்காரர்களுக்கான கடை ஒன்றுக்கு அழைத்துப் போனான். "சாயங்காலம் போவோம்ப்பா, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், சரியான அளவு தெரியும்" என்றான். கடைப் பையன் என்னை நிற்க வைத்து இரண்டு காலையும் அளந்தான். உட்கார்ந்து அளந்தால் பாதம் விரியாதாம். இடது கால் வலதைவிட நீளம். எட்டு இல்லை, ஒன்பது! அகலமும் கூடுதல். வயதாக ஆக பாதத்தின் தசைநார்கள் தளர்ந்து கால் நீண்டு அகலும் என்றான். செருப்பில் குதிகால் வெளியே நீட்டிக்கொண்டு சமாளித்திருக்கிறது. ஷூவில் அதற்கு இடம் ஏது?

பெட்டியில் இன்னொரு எண்ணும் இருந்தது: 43. பார்த்ததும் புதுச்சேரி ஞாபகம் வந்துவிட்டது. சின்ன வயதில் அப்பா ஷூ வாங்கித் தரும்போது கடைக்காரர் கேட்ட 'புவாந்த்யூர்' இதுதான். பிரெஞ்சுக் கணக்கில் ஒரு எண்ணுக்கு மூன்றில் இரண்டு சென்டிமீட்டர், ஆங்கிலக் கணக்கில் மூன்றில் ஒரு அங்குலம். ஒரு நம்பர் தப்பினால் கிட்டத்தட்ட எட்டரை மில்லிமீட்டர். என் நகத்தைக் கறுக்க வைத்தது அந்த எட்டரைதான்.

பையன் சாக்ஸ் போடச் சொல்லி, நுனியில் கட்டை விரல் அகலம் இடம் விட்டு, குதிகால் நழுவுகிறதா என்று கடைக்குள்ளேயே நடக்க வைத்தான். மூன்று ஜோடி மாற்றினான். எந்த ஊர் என்றேன். "சிவகாசிப் பக்கம் சார். அம்மா பட்டாசு ஆலைக்குத்தான் போறாங்க. நாள் பூரா வெறுங்கால்தான்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து என் காலுக்கு நாடா கட்டிவிட்டான். அந்த ஆலை வாசல்களில் வரிசையாகக் கிடக்கும் செருப்புகளைத் தாண்டி எத்தனை முறை போயிருப்பேன். அதில் ஒரு ஜோடி இவன் அம்மாவுடையதாகவும் இருந்திருக்கலாம். எனக்குப் பேச்சு வரவில்லை.

இப்போது புது நகம் முளைத்துவிட்டது. ஷூவுக்குள் கையை விட்டுக் கல், முள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே போடுகிறேன். இரவில் என் மனைவி டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்க்கிறாள். நீங்களும் அடுத்த முறை கடைக்குப் போனால், நம்பரைச் சொல்லாமல் காலை நீட்டி அளக்கச் சொல்லுங்கள்.