ஆச்சியும் எம்.எஸ். ப்ளூவும்... வீட்டு பிரின்டரில் நிறம் மீட்ட கதை!

பட்டு எடுக்கப் போகும் எந்த அம்மாவும் கடைக்குள் எரிகிற லைட்டை நம்புவதில்லை. முந்தானையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்து, வெயிலில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொல்வார்கள். உள்ளே அரக்காக இருந்தது வெளியே வேறு சிவப்பாகத் தெரியும். பச்சை என்று நினைத்தது மயில் கழுத்தாக மாறும். விழுகிற வெளிச்சத்தைப் பொறுத்து நிறம் மாறும் என்பதை அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லித்தரவில்லை.

வீட்டில் இன்க்ஜெட் பிரின்டர் வைத்து போட்டோ பிரின்ட் போடுகிறவர்களுக்கும் இந்தச் சந்தேகப் புத்தி கட்டாயம் வேண்டும். திரையில் அழகாக இருந்த படம் தாளில் இருண்டு போய், இல்லையென்றால் ரோஸ் பூசிக்கொண்டு வந்து விழும். உடனே, 'பிரின்டர் சரியில்லை' என்று முடிவுகட்டிவிடுகிறோம். பாதி நேரம் பிரின்டர் பாவம், ஒன்றுமே செய்திருக்காது.

எங்கள் வீட்டில் இந்த விவகாரம் கொஞ்சம் பெரிதானதற்குக் காரணம் ஆச்சி. அம்மாவைப் பெற்றவள். திருநெல்வேலிக்காரி. போன வருடம் இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியத்துக்காக அவசர அவசரமாக ஒரு ஸ்டூடியோவில் படத்தைப் பெரிதாக்கி வாங்கினோம். சுருக்கங்கள் எல்லாம் காணாமல்போய், நெற்றி பளபளத்து, ஆச்சி எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்தாள். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே வரிதான். "யார் வீட்டு ஆச்சிட்டி இது?"

ஆச்சி கறுப்பு. மாநிறம் என்று மழுப்புகிற கறுப்பு இல்லை, மூக்குத்தி தனியாக மினுங்குகிற நல்ல கறுப்பு. அந்த நிறத்துக்காகவே கல்யாணத்தின்போது அவளைப் பெண் பார்க்க வந்த வீட்டில் பேசிய பேச்சையெல்லாம் கடைசி வரை சிரித்துக்கொண்டே சொல்வாள். அவளை இறந்த பிறகு வெள்ளையாக்கியதுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வருடம் முழுக்க அந்தப் படத்துக்கு மாலை போட்டாள், விளக்கேற்றினாள். நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. முதல் வருடத் திவசம் நெருங்கியபோது, "இந்தத் தடவ எங்கம்மா படம்தான் வேணும்" என்றாள். ஸ்டூடியோவில் கேட்டோம். "கொஞ்சம் பிரைட் பண்ணாத்தான்மா நல்லாருக்கும்" என்றார்கள். தம்பியின் ஆன்லைன் வகுப்புக் காலத்தில் வாங்கிய இங்க் டேங்க் பிரின்டர் வீட்டில் இருந்தது. அதிலேயே போட்டுவிடலாம் என்று இறங்கினேன்.

படம் 2014-ல் பெரியம்மா மகள் கல்யாணத்தில் போனில் எடுத்தது. 8 மெகாபிக்சல். ஏ4 அளவில் தெளிவாக வர 2480-க்கு 3508 பிக்சல் என்பது கணக்கு. எங்களிடம் இருந்தது 2448-க்கு 3264. வெட்டாமல் போட்டால் தாராளமாகப் போதும். ஒன்று மட்டும், அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லி வாங்கினேன். மண்டபத்து வாசலில், பகல் வெளிச்சத்தில், எம்.எஸ். ப்ளூ பட்டு கட்டிக்கொண்டு ஆச்சி நிற்கிறாள். எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் அழைக்கப்படுகிற அதே நீலம்.

முதல் பிரின்டில் ஆச்சி முகம் ரோஸ் நிறத்தில் வந்தது. சேலை கத்தரிப்பூ. அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்படி வந்தால் முதலில் செய்ய வேண்டியது 'நாஸில் செக்'. பிரின்டர் சாஃப்ட்வேரில் 'மெயின்டனன்ஸ்' பகுதியில் இருக்கும். பிரின்டரில் இருப்பது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு இங்க். இந்த நாலின் புள்ளிகளை நெருக்கமாகத் தூவித்தான் எல்லா நிறமும் வருகிறது. மாதக்கணக்கில் பிரின்டரைத் தொடாமல் விட்டால் மயிரிழை போன்ற துளைகளில் இங்க் காய்ந்துவிடும். எங்களுடையதில் மஞ்சள் கோடுகள் பாதியைக் காணோம். மஞ்சள் குறைந்தால் தோல் ரோஸாகத்தானே வரும்? வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடு விட்டுப்போனது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. இருட்டறையில் போன் திரையில் முழு நீலத்தை வைத்து அந்த வெளிச்சத்தில் பாருங்கள், மஞ்சள் கோடுகள் கறுப்பாக எழுந்து நிற்கும். 'ஹெட் கிளீனிங்' இரண்டு முறை கொடுத்ததும் சரியானது. அதற்கு மேல் கொடுத்துக்கொண்டே இருந்தால் இங்க்தான் வீண். சில மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி முயற்சி செய்வது நல்லது.

அடுத்தது தாள். பிரின்ட் கொடுக்கும் முன் 'பேப்பர் டைப்' என்று ஒரு பெட்டி வரும். பெரும்பாலும் அது 'பிளெய்ன் பேப்பர்' என்றே நிற்கும். உள்ளே என்ன தாள் வைத்திருக்கிறோம் என்பது பல பிரின்டர்களுக்குத் தெரியாது, நாம் சொல்வதைத்தான் நம்பும். சாதாரணத் தாள் இங்க்கை உறிஞ்சும், பளபளப்பான போட்டோ தாள் தன் பூச்சுக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இங்க் அளவு வேறு, கலக்கும் விகிதம் வேறு. 'கிளாஸி' என்று மாற்றாமல் போட்டால் நிறம் மங்கிச் செத்துப்போகும். பல வீட்டு மாடல்களில் இன்னொரு விஷயம் உண்டு. கிளாஸி என்று சொன்னதும் அந்தக் கறுப்பு இங்க்கை ஒதுக்கிவைத்துவிட்டு, மற்ற மூன்றையும் கலந்தே கறுப்பை உண்டாக்கும். அந்த மூன்றில் ஒன்று அடைத்திருந்தால் தலைமுடிகூட பச்சையோ சிவப்போ அடிக்கும்.

இவ்வளவும் சரிசெய்த பிறகு வந்த பிரின்டில் நீலம் பரவாயில்லை. முகம்? ஸ்டூடியோ படத்தின் தங்கச்சி. வெளுத்திருந்தது.

செட்டிங்ஸை ஒவ்வொன்றாகப் புரட்டியபோது 'போட்டோ என்ஹான்ஸ்', 'ஆட்டோ கரெக்ட்' வகையறா ஒன்று தானாகவே டிக் ஆகியிருந்தது. படத்தில் முகம் இருந்தால் கண்டுபிடித்து, இருட்டாக இருக்கிறது என்று அதுவாகவே முடிவுசெய்து, வெளிச்சமாக்குகிற வசதி. இதை எழுதியவர் எங்கோ உட்கார்ந்திருக்கும் நல்லெண்ணக்காரராகத்தான் இருப்பார். ஆனால், எங்கள் ஆச்சி இருட்டில் நிற்கவில்லையே, பட்டப்பகலில் நிற்கிறாள்!

இது புதுக்கதையும் இல்லை. ஃபிலிம் காலத்தில் லேப்களில் நிறம் சரிபார்க்க கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் போஸ் கொடுத்த ஊழியரின் பெயரால் அதற்கு 'ஷெர்லி கார்டு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் தோல் சரியாக வந்தால் பிரின்ட் சரி. மற்ற நிறத்து ஆட்களின் முகம் அந்த அளவுகோலில் எப்படி வந்ததோ அப்படித்தான். பல நிறத்தவரும் சேர்ந்திருக்கும் கார்டு 1990-களில்தான் பரவலானது. அந்த வசதியின் டிக்கை எடுக்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது.

டிக்கை எடுத்ததும் அடுத்த பிரின்ட் இருண்டு வந்தது. கண்ணும் கன்னமும் ஒன்றாகக் கலந்து, மூக்குத்தி மட்டும் தெரிந்தது. இதற்குக் காரணம் பிரின்டரே இல்லை, லேப்டாப் திரை. திரை தானே ஒளிவிடுகிறது, தாள் தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பித்தான் தருகிறது. பிரைட்னஸை நூற்றுக்கு நூறு வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாப் படமும் வெளிச்சமாகத்தான் இருக்கும். எளிய வழி ஒன்று உண்டு. திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் பிரின்ட் போடும் தாளைப் பிடியுங்கள். திரையின் வெள்ளை தாளின் வெள்ளை அளவுக்கு அடங்கும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். எங்கள் லேப்டாப்பில் பாதிக்கும் கீழே போக வேண்டியிருந்தது. 'நைட் லைட்' போன்ற மஞ்சள் காட்டும் வசதிகளையும் அணைத்துவிட வேண்டும். இப்போது திரையிலும் ஆச்சி இருட்டாகவே தெரிந்தாள். அதாவது, திரை உண்மை பேசத் தொடங்கிவிட்டது.

ஒட்டுமொத்தமாக பிரைட்னஸை ஏற்றினால் சேலையின் ஜரிகை வெளுத்துவிடும். அதனால் 'லெவல்ஸ்' என்ற இடத்தில் நடுக்குமிழை மட்டும் கொஞ்சம் நகர்த்தினேன். ரொம்ப வெளிச்சமான இடமும் ரொம்ப இருட்டான இடமும் அப்படியே இருக்க, நடுவில் உள்ளது மட்டும் திறந்துகொள்ளும். கன்னமும் கண்ணும் பிரிந்தன. நிறம் மாறவில்லை. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் செயலியிலேயே இதைச் செய்யலாம்.

ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பிரின்ட் கொடுக்கும்போது நிறத்தை யார் நிர்வகிப்பது என்று கேட்கும். 'ஃபோட்டோஷாப்' என்று சொன்னால், பிரின்டர் பக்கத்தில் கலர் கரெக்‌ஷனை அணைத்துவிட வேண்டும். 'பிரின்டர்' என்று சொன்னால் ஃபோட்டோஷாப் ஒதுங்கிவிடும். இரண்டும் சேர்ந்து திருத்தினால் மாமியாரும் மருமகளும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சாம்பாரில் உப்பு போட்ட கதைதான். பெரும்பாலும் மெஜந்தா தூக்கலாக வரும்.

மிச்சம் இருந்தது சேலை. எம்.எஸ். ப்ளூ மாதிரி அடர்ந்த நீலத்தை பிரின்டரால் முழுதாகத் தொட முடியாது. திரையில் நீலம் தனி ஒளியாகவே இருக்கிறது. தாளில் சயானும் மெஜந்தாவும் கலந்துதான் நீலம் வர வேண்டும். மெஜந்தா ஒரு சொட்டு கூடினாலும் ஊதா பக்கம் சாய்ந்துவிடும். ராயல் ப்ளூ கேட்டு கத்தரிப்பூ வாங்கிய எல்லா அழைப்பிதழ்களுக்கும் பின்னால் இந்தக் கதைதான். நீலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன் 'ஹியூ'வை சயான் பக்கம் கொஞ்சம் தள்ளி, 'சாச்சுரேஷனை'க் குறைத்தேன். திரையில் அது சுமாரான நீலம். தாளில் வரும்போது நெருங்கிவிடும்.

எதை நெருங்குவது என்பதுதான் கேள்வி. 'நல்ல கருநீலம்' என்றாள் அம்மா. 'மயில் நீலம்' என்றாள் போனில் பெரியம்மா. பத்து வருடத்துக்கு முந்தைய நிறத்தை மனதிலிருந்து எடுத்துச் சொல்ல யாராலும் முடியாது. அம்மா பீரோவைத் திறந்து, வெள்ளை வேட்டித் துணியில் சுற்றிய அந்தச் சேலையையே எடுத்துக்கொண்டு வந்தாள். ஆச்சி போன பிறகு அன்றுதான் அதைப் பிரித்தாள். அடியிலிருந்து அந்துருண்டை வாசம். கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் எதுவும் கேட்கவில்லை.

முழுத் தாளை வீணாக்காமல், படத்தின் ஒரு துண்டை மட்டும் நாலு விதமாகத் திருத்தி ஒரே தாளில் போட்டேன். உடனே பார்க்கக் கூடாது. இங்க் காய்ந்து நிறம் நிலைக்கக் குறைந்தது சில மணி நேரம் ஆகும். மறுநாள் காலை பத்து மணிக்கு பால்கனியில், நிழல் வெளிச்சத்தில் சேலையோடு வைத்துப் பார்த்தோம். மூன்றாவது துண்டு. அம்மா விரலை வைத்துவிட்டாள்.

முகத்துக்கு என்ன செய்வது? ஒப்பிட்டுப் பார்க்க ஆச்சி இல்லை. துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, வளையலை மேலே தள்ளிவிட்டு முன்கையை நீட்டினாள். "எங்கம்மா நிறம்தான் எனக்கு. எங்க அக்காவுக்குகூட வரல. இதுல வச்சுப் பாரு" என்றாள். சின்ன வயதில் கடலைமாவும் பயத்தமாவும் பூசித் தேய்த்து இந்த நிறத்தைப் போக்கப் பார்த்த கதையை அவளே சொல்லியிருக்கிறாள். பத்து நிமிடம் அந்தக் கை தாளுக்குப் பக்கத்தில் அசையாமல் இருந்தது. இரண்டாவது துண்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு நிறம். அதற்காக இன்னொரு தாள் போட்டேன்.

மொத்தம் ஏழு தாள். கடைசிப் பிரின்டை ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, கண்ணாடி போட்டு ஃபிரேம் செய்தோம். வீட்டு பிரின்டர்களின் கலர் இங்க் பெரும்பாலும் சாய வகை. நேர் வெயில் பட்டால் வெளுக்கும். அதனால் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரிலிருந்து ஆணியைப் பிடுங்கி, பக்கச் சுவரில் அடித்தான் தம்பி. ஹாலில் எரிந்த மஞ்சள் பல்பையும் வெள்ளையாக மாற்றினோம், இல்லையென்றால் சேலை மறுபடியும் வேறு நீலமாகிவிடும். திவசத்தன்று பந்தி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் அம்மா அந்தப் படத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

வர முடியாத பெரியம்மாவுக்குத் தம்பி அதை போனில் போட்டோ எடுத்து அனுப்பினான். ஐந்து நிமிடத்தில் போன். "முகம் அப்படியே எங்கம்மாதான். சேலைதான் ஏன் வாடாமல்லி மாதிரி இருக்கு?" அவளுக்கும் ஒரு பிரதி கூரியரில் போகிறது. பிரித்ததும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.