இரண்டாவது படகு

2017 பிப்ரவரியில் மணப்பாடு கடலில் படகு கவிழ்ந்து, சுற்றிப் பார்க்க வந்தவர்கள் பலர் இறந்தார்கள். திசையன்விளை டீக்கடையில் உட்கார்ந்து அவர்களைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். மீன்பிடிக்கிற படகில் பிள்ளைகுட்டிகளோடு அத்தனை பேர் ஏறலாமா என்று சத்தமாகவே கேட்டேன். சில வருடம் கழித்து அதே காரியத்தை நானே செய்தேன்.

மும்பையிலிருந்து அக்கா குடும்பம் விடுமுறைக்கு வந்திருந்தது. அம்மாவையும் சேர்த்துப் பதினோரு பேர் வேனில் கடற்கரைக்குப் போனோம். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை, தப்பு ஊருடையதல்ல. கரையில் இரண்டு ஃபைபர் படகுகள். ஒரே நீளம், ஒரே மாதிரி எஞ்சின், இரண்டுக்கும் நீலப் பெயின்ட். முதல் படகுக்காரர் எங்களைத் தலை எண்ணிப் பார்த்தார். "ஆறு பேருக்கு மேல ஏத்த மாட்டேன் அண்ணாச்சி. ரெண்டு நடையா போவோம். ஜாக்கெட் போடாம யாரும் ஏறக் கூடாது." அவரிடம் இருந்த ஆரஞ்சு ஜாக்கெட்டுகளில் ஒன்றுக்குக் கொக்கி உடைந்திருந்தது. அதற்கு நைலான் கயிறு கட்டி, இழுத்துப் பார்த்து வைத்திருந்தார்.

இரண்டாவது படகுக்காரர் எல்லோரையும் ஒரே நடையில் ஏற்றுவதாகச் சொன்னார். ஜாக்கெட் கிடையாது.

நான் இரண்டாவதை எடுத்தேன். பணம் காரணமில்லை. பாதிப் பேர் கரையில் நிற்கட்டும் என்று அத்தானிடம் சொல்ல வாய் வரவில்லை. உள்ளூர்க்காரன், கடலைத் தெரிந்தவன் என்று அவர் முன்னால் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டார் எல்லோரும் தள்ளி நின்று நுங்கு தின்றுகொண்டிருந்தார்கள். ஏன் அந்தப் படகு வேண்டாம் என்று கேட்ட அக்காவிடம், "ரொம்பக் கூட கேக்கான்" என்றேன். அது பொய்.

அலை மடங்கும் இடத்தைத் தாண்டியதும் பார்த்தேன்: படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் இருந்தது. என் மகள் குனியாமலே கையை நனைத்தாள். எடை ஏற ஏறப் படகு அமிழும். அந்த நிலையில் நாலு பேர் ஒரு பக்கம் சாய்ந்தாலே போதும், பேரலை வேண்டாம். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் நகர்ந்தபோதுதான் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். எங்கள் படகில், கடலில் மீன் துள்ளியதைப் பார்க்க அக்கா மகன் எழுந்தான். மற்ற பிள்ளைகளும் எழுந்தார்கள். படகு சாய்ந்து, தண்ணீர் உள்ளே வந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. "ஒண்ணுமில்லம்மா" என்று சிரித்தேன். எனக்குத் தொண்டை அடைத்திருந்தது. அப்போதும், கரைக்குத் திருப்புங்கள் என்று நான் சொல்லவில்லை.

கரை சேர்ந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் அது எங்கள் வீட்டில் நல்ல நாளாகவே பேசப்பட்டது, நானும் பேசவிட்டேன்.

அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த பெரும்பாலான எஞ்சின் படகுகளில், எத்தனை பேர், எவ்வளவு எடை என்று தகடு அடித்திருக்க வேண்டும் என்பது 1972 முதல் விதி. அந்தத் தகடு சொல்வதை முதல் படகுக்காரர் வாயால் சொன்னார். கேட்டவன் நான் ஒருவன்தான், மற்ற பத்துப் பேரிடமும் அதை மறைத்தேன். அக்காவும் அத்தானும் இதை வாசித்துவிட்டு என்ன கேட்டாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.