ரூம் போடும் முன் 3 கேள்வி

1/ போன வருஷம் அம்மாவோட ரெண்டு நாள் கொச்சி. போட்டோவைப் பார்த்து மயங்கி, ஃபோர்ட் கொச்சியில் ஒரு பழைய வீட்டில் மாடி ரூம் போட்டேன். செங்குத்தான மரப்படி. லிஃப்ட் கிடையாது.

2/ அம்மாவுக்கு 68. சுகருக்கு இன்சுலின், கூடவே முட்டி வலி. பகல் முழுக்க சீன வலை, மட்டாஞ்சேரி என்று நல்ல நடை. ராத்திரி, "மறுபடி படி இறங்கணுமா? ரெண்டு பிஸ்கட் போதும்டா"ன்னாங்க. ஊசி மட்டும் வழக்கமான அளவு.

3/ நைட் 2 மணி. வேர்த்துக் கொட்டுது, கை நடுக்கம். சுகர் 54. டீ போட வைத்திருந்த சர்க்கரை பாக்கெட்தான் காப்பாத்துச்சு. 3 ஸ்பூன் கரைச்சுக் கொடுத்தேன், 15 நிமிஷத்தில் 82. மயங்கியிருந்தால் அந்தப் படியில் எப்படி இறக்கியிருப்பேன்?

4/ அதிகம் நடந்து குறைவா சாப்பிட்டா சுகர் இறங்கும். தினமும் பேஷண்ட்டுக்குச் சொல்றதை நானே மறந்துட்டேன்.

5/ இப்போ ரூம் போடும் முன் போனில் 3 கேள்வி: லிஃப்ட் அல்லது கீழ்த்தள ரூம் இருக்கா? ராத்திரி சாப்பாடு பக்கத்திலேயே கிடைக்குமா? 24 மணி நேர ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

6/ அடுத்த முறை எர்ணாகுளம் படகுத்துறை பக்கம் தங்கி, ஃபோர்ட் கொச்சிக்கு படகில் போய் வந்தோம். அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சது அந்தப் படகுதான்.